வில்லைகள் காத்த வரலாறு

புதுச்சேரிக்கு மேற்கே, தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் திருக்கனூர். வயலும் கரும்பும் சூழ்ந்த அவ்வூரிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும், பழைய வீடுகள் சிலவற்றின் கூடத்துச் சுவரில் முன்னோரின் நிழற்படங்கள் சட்டமிட்டு மாட்டப்பெற்றிருக்கும். மாணவர்களே! அத்தகைய படம் ஒன்றனை அருகிற் சென்று உற்று நோக்குங்கள். பாட்டனாரின் மேலாடைக் கரையில் ஓடும் இழைகள் தெரியும்; பாட்டியாரின் காதணியில் பதித்த கற்களை எண்ணிவிடலாம்; நெற்றியின் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியே விளங்கும். நூறாண்டு கடந்த பின்னும் இத்துணைத் தெளிவு அப்படத்தில் நிற்பதற்குக் காரணம் யாது?

காரணங்கள் இரண்டு. ஒன்று, அப்படம் பதிந்த தகட்டின் பெருமை. மற்றொன்று, அத்தகட்டின்மேல் ஒளியைச் செலுத்திய கண்ணாடி வில்லையின் செம்மை. படத்தைப் போற்றும் நாம் அதனை ஆக்கித் தந்த வில்லையை எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வில்லைகள் தோன்றிய வரலாற்றையும், தமிழ்நாட்டில் அவை ஆற்றிய அரும்பணியையும் இப்பாடத்திற் காண்போம்.

வில்லையின் பணி

எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் ஓர் அறையின் கதவை மூடி, ஒரு சன்னலை மட்டும் திறந்து வையுங்கள். சன்னலுக்கு எதிர்ப்புறத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை நிறுத்தி, அதன் முன்னே உருப்பெருக்கியைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில், வெளியே நிற்கும் புளியமரம் தலைகீழாகத் தாளின்மேல் வந்து நிற்கும். இலைகள் காற்றில் அசைவதும் அதிலே தெரியும். தொலைவிலுள்ள பொருளின் உருவம் இவ்வாறு தெளிவுறும்போது, வில்லைக்கும் தாளுக்கும் இடையேயுள்ள தூரமே அவ்வில்லையின் குவியத்தூரம் எனப்படும்.

பெரிய காமிரா என்பது இந்த இருட்டறையின் சிறிய வடிவமேயன்றி வேறன்று. முன்னே வில்லை பொருத்திய பலகை. பின்னே மங்கற் கண்ணாடி. இரண்டிற்கும் நடுவே ஒளி புகாத துருத்தி. யாவற்றையும் தாங்க ஒரு முக்காலி. கலைஞர் கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்துக்கொண்டு, மங்கற் கண்ணாடியில் தலைகீழாய்த் தோன்றும் உருவத்தைத் தெளிவாக்குவார். பின்னர் அக்கண்ணாடி இருந்த இடத்தில் ஒளியுணர் தகட்டையோ பிலிமையோ செருகி, வில்லையின் மூடியைத் திறந்து, ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என எண்ணி மூடுவார்.

இத்துணைப் பெரிய கருவி எதற்கு என்று வினவலாம். தொடக்கக் காலத்தில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழி எளிதாக இல்லை. தகட்டின்மேல் தாளை ஒட்ட வைத்து வெயிலில் காட்டியே படி எடுத்தனர். ஆகவே, எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ, அவ்வளவு பெரிய தகடு தேவைப்பட்டது. பிற்காலத்தில் சிறு காமிராக்கள் பெருகிய பின்னரும் பெரும்படக் கலை அழியவில்லை. 8 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் உடைய பிலிம், சிறு காமிராவின் பிலிம் கட்டத்தைவிட ஏறத்தாழ 60 மடங்கு பரப்புடையது. பரப்பு மிகுந்தால் நுணுக்கம் மிகும். பாட்டனாரின் மேலாடை இழை தெரிவது இதனாலேதான்.

ஆனால், பெரிய தகட்டிற்கு ஏற்ற வில்லையை ஆக்குவது எளிய செயலன்று. உங்கள் உருப்பெருக்கி காட்டிய உருவத்தை மீண்டும் நோக்குங்கள். நடுப்பகுதி தெளிவாய் இருக்கும். ஓரங்கள் மங்கிக் கிடக்கும். விளிம்புகளில் வண்ணக் கரையும் தோன்றும். வெவ்வேறு நிறக் கதிர்கள் வெவ்வேறு இடங்களிற் குவிவதால் விளைவது நிறப்பிறழ்ச்சி. வில்லையின் நடுவில் நுழையும் கதிரும் ஓரத்தில் நுழையும் கதிரும் ஒரே இடத்திற் குவியாமையால் விளைவது கோளப்பிறழ்ச்சி. இவையேயன்றி, நேர்க்கோடு வளைந்து தோன்றுவதும், தட்டையான சுவரின் உருவம் கிண்ணம்போல் குழிந்து நிற்பதும் வேறு குறைகள். இக்குறைகளை ஒவ்வொன்றாக வென்ற வரலாறே வில்லையின் வரலாறு.

கணிதம் தந்த கண்

1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் தாகெர் என்பார் தம் நிழற்பட முறையை உலகறியச் செய்தார். அவருடைய காமிராவுக்கு வில்லை செய்தளித்தவர் பாரிசு நகரத்துச் செவாலியே என்னும் கண்ணாடித் தொழிலாளர். இருவகைக் கண்ணாடிகளை இணைத்து நிறப்பிறழ்ச்சியைக் குறைத்த நல்ல வில்லை அது. எனினும், ஓரங்களின் மங்கலைத் தவிர்க்க அதன் துளையை மிகவும் சுருக்க வேண்டியிருந்தது. துளை சுருங்கினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் நேரம் நீளும். மனிதர் முகத்தைப் படம் பிடிக்க வேண்டுமாயின், அவர் பல நிமிடம் அசையாது அமர வேண்டியதாயிற்று. கண்ணிமைக்கும் மனிதருக்கு இஃது இயல்வதாமோ?

இச்சிக்கலைத் தீர்த்தவர் வில்லை தேய்ப்பவர் அல்லர். ஒரு கணிதப் பேராசிரியர். வியன்னாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோசப் பெட்சுவால் என்பார், கண்ணாடியைத் தொடுமுன் தாளில் கணக்கிட்டார். ஒவ்வொரு கதிரும் ஒவ்வொரு வளைபரப்பிலும் எவ்வளவு மடங்கும் என்பதை வரையறுத்தார். கணிக்கும் பொறிகள் இல்லாத அக்காலத்தில், ஆசுதிரியப் பீரங்கிப் படையைச் சேர்ந்த, கணக்கில் வல்ல வீரர்கள் சிலர் அவருக்குத் துணையாக அளிக்கப்பெற்றனர். 1840இல் அக்கணக்கின்படி வோய்க்ட்லெண்டர் என்பார் வில்லையை வடித்தார். அதன் வழியே, செவாலியேயின் வில்லையைவிடப் பதினைந்து மடங்கு அளவுக்கு மிகுதியான ஒளி நுழைந்தது. நிமிடங்கள் நொடிகளாகக் குறைந்தன. உலகெங்கும் முகப்படக் கலை தழைக்க வழி பிறந்தது.

பெட்சுவால் வில்லைக்கும் ஒரு குறை உண்டு. அதன் நடுப்பகுதியின் கூர்மை ஓரத்தில் இராது. முகத்தைக் காட்டும் படத்திற்கு அக்குறையே அழகாயிற்று. முகம் தெளிந்து நிற்க, பின்புலம் மெல்லச் சுழன்று மங்கும். அவ்வழகை விரும்பி, இன்றும் அப்பழைய பித்தளை வில்லைகளைத் தேடி வாங்கிப் பெரிய பிலிமில் படம் பிடிக்கும் கலைஞர்கள் பல நாடுகளில் உளர். ஆயினும், ஒரு கல்வெட்டையோ தூண்வரிசையையோ படம் பிடிக்க அவ்வில்லை உதவாது. அதற்கு ஓரம்வரை செம்மை வேண்டும்.

தஞ்சைப் பெருங்கோயிலில்

தமிழ்நாட்டுக் கோயில்களைப் பெரும்படங்களாக எடுத்த முன்னோடிகளுள் தலைசிறந்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்துறையினர். இவர் 1822இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிற் பணியாற்றியவர். 1855இல் பர்மா நாட்டிற்குச் சென்ற தூதுக் குழுவுடன் சென்று படங்கள் எடுத்தார். அதன்பின் சென்னை அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பெற்றார். 1857ஆம் ஆண்டின் இறுதியிலும் 1858ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களையும் அரண்மனைகளையும் படம் பிடித்தார்.

அந்நாளில் இப்பயணம் எத்துணை அரிது! காமிராவும் முக்காலியும் மருந்துப் பெட்டிகளும் மாட்டு வண்டிகளில் சென்றன. டிரைப் கையாண்டது மெழுகுத்தாள் முறை. நல்ல தாளில் மெழுகை ஊட்டி, ஒளி ஊடுருவும்படி செய்து, அதன்மேல் வெள்ளிச் சேர்மங்களை ஏற்றுவர். அத்தாள் ஏறக்குறைய 12 அங்குலமும் 15 அங்குலமும் உடையது. ஒளியை மெல்லவே ஏற்கும் அத்தாளில் ஒரு படம் பதியப் பல நிமிடம் தேவைப்பட்டது. அந்நேரம் முழுவதும் காமிரா மயிரிழையும் அசைதல் கூடாது. கோடை வெப்பத்தில் மருந்துகள் கெடும், புழுதி படியும், ஒருமுறை தவறினால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

இவ்வளவு இடர்களுக்கிடையே அவர் செய்த செயல் ஒன்று வியப்பிற்குரியது. முதலாம் இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெருங்கோயிலின் விமானத்து அடித்தளத்தில் நீண்ட கல்வெட்டுகள் பொறிக்கப்பெற்றுள்ளன. அவற்றை ஒரே படத்தில் அடக்குவது எவ்வில்லைக்கும் இயலாது. டிரைப் காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒரு படத்தின் முடிவும் அடுத்த படத்தின் தொடக்கமும் பொருந்துமாறு 21 படங்கள் எடுத்தார். அவற்றை வரிசையாக ஒட்டியபோது 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படம் உருவாயிற்று. கல்லில் எழுதிய வரிகள், ஓலைச்சுவடியை விரித்தாற்போலத் தாளில் விரிந்தன. அக்கல்வெட்டுகளை அறிஞர் ஹூல்ட்ஸ் படித்துத் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ என்னும் நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியில் 1891 முதல் வெளியிட்டார். அதற்கு முப்பதாண்டுகளுக்கும் முன்னரே, அவற்றின் தோற்றத்தை வில்லை பதிந்து வைத்துவிட்டது.

ஆனால், இப்பணி நெடுநாள் நிலைக்கவில்லை. 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின் அரசின் கருவூலம் நலிவுற்றிருந்தது. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லசு டிரவெலியன், நிழற்படம் எடுப்பதை ஆடம்பரச் செலவு எனக் கருதி நிறுத்திவிட்டார். டிரைப் அதன்பின் இக்கலையில் பெரிதாக ஈடுபடவில்லை. சிக்கனம் வேண்டுவதே, எனினும், எது செலவு, எது சேமிப்பு என்று பகுத்தறிதல் அதனினும் வேண்டுவது. அன்று ஆடம்பரம் எனப்பட்ட அப்படங்கள், இன்று பல நாட்டு அருங்காட்சியகங்கள் போற்றிக் காக்கும் செல்வங்களாய் விளங்குகின்றன. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் நம் கோயில்கள் எவ்வாறு இருந்தன, எந்தச் சுவர் சிதைந்திருந்தது, எந்தச் சிற்பம் முழுமையாய் நின்றது என்பவற்றை அறிய அவையே சான்று.

நேர்க்கோட்டு வில்லையும் செர்மானியக் கண்ணாடியும்

தூண்களும் மதில்களும் நிறைந்த கட்டடங்களைப் படம் பிடிப்போர்க்கு 1866ஆம் ஆண்டு ஒரு நல்லாண்டு. அவ்வாண்டில் இலண்டனில் டால்மேயர் என்பாரும், செர்மனியில் சுடைன்கைல் என்பாரும், ஒருவரையொருவர் சாராது, ஒரே வகையான வில்லையை ஆக்கினர். ஒத்த இரண்டு பகுதிகளை எதிரெதிரே வைத்து, நடுவில் துளைத் தகட்டை அமைத்தனர். முன்பகுதி ஒரு நேர்க்கோட்டை உட்புறமாக வளைக்குமாயின், பின்பகுதி அதனை வெளிப்புறமாக வளைக்கும். இரண்டு குறைகளும் ஒன்றையொன்று நீக்க, கோடு நேராகவே நிற்கும். இருவர் தம் குறைகளை அறிந்து எதிரெதிர் நின்று துணைசெய்தால் நிறைவு பிறக்கும் என்பதற்கு இவ்வில்லையே உவமையாகும்.

அடுத்த வளர்ச்சி கண்ணாடியினின்றே தோன்றியது. அதுவரை வில்லைக்கு உதவிய கண்ணாடி வகைகள் சிலவே. அவற்றைக்கொண்டு எல்லாப் பிழைகளையும் ஒருங்கே நீக்க இயலவில்லை. செர்மனியின் யேனா நகரில் ஒட்டோ சாட் என்னும் வேதியியலாரும், எர்ன்சுட்டு ஆபே என்னும் இயற்பியலாரும் கூடி, 1880களில் புதுவகைக் கண்ணாடிகளை உருக்கி வடித்தனர். அக்கண்ணாடிகள் கிடைத்தவுடன் புதிய வில்லைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 1890இல் சைசு நிறுவனத்தில் பவுல் ருடால்பு அமைத்த வில்லை, 1892இல் கெர்சு நிறுவனத்திற்காக எமில் வான் கோக் கண்ட தாகோர், 1893இல் இங்கிலாந்தில் டென்னிசு டெய்லர் கண்ட மூவில்லை, 1902இல் மீண்டும் ருடால்பு அமைத்த டெசார் ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

இவற்றுள் தாகோர் வில்லையின் சிறப்பைக் காண்போம். மூன்று கண்ணாடிகளை ஒன்றாக ஒட்டிய தொகுதி முன்னே ஒன்று; அதனை ஒத்த தொகுதி பின்னே ஒன்று. ஆக ஆறு கண்ணாடிகள் இருப்பினும், காற்றைத் தொடும் பரப்புகள் நான்கே. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றிலும் நூற்றில் நான்கு ஐந்து பங்கு ஒளி திரும்பிப் போய்விடும். திரும்பிய ஒளி உள்ளே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். பரப்புகள் குறைந்தால் இத்தீங்கும் குறையும். 1935இல் சைசு நிறுவனத்தின் சுமாகுலா என்பார் கண்ணாடிமேல் மெல்லிய பூச்சிட்டு இவ்விழப்பைக் குறைக்கும் முறையைக் கண்டார். அப்பூச்சு பெறாத தாகோர் வில்லைகளும் தெளிந்த படங்களைத் தருவதற்கு அவற்றின் அமைப்பே காரணம். மேலும், முன்தொகுதியைக் கழற்றிவிட்டுப் பின்தொகுதியை மட்டும் பயன்படுத்தினால், குவியத்தூரம் ஏறத்தாழ இரட்டிக்கும். ஒரு வில்லை வாங்கியவர்க்கு இரண்டு வில்லைகளின் பயன் கிட்டும்.

கோபுரமும் துருத்தியும்

பழைய பெரிய காமிராவின் மற்றொரு நலத்தை வில்லியனூரில் நின்று எண்ணிப் பார்க்கலாம். திருக்காமீசுவரர் கோயிலின் கோபுரத்தைத் தெருவில் நின்று சிறு காமிராவால் படம் பிடிப்பவர், உச்சி தெரிவதற்காகக் கருவியை அண்ணாந்து சாய்ப்பார். அதனால் கோபுரத்தின் இருமருங்கும் மேலே ஒன்றையொன்று நெருங்கி, கோபுரமே பின்புறமாகச் சாய்வதுபோற் படத்தில் தோன்றும். பெரிய காமிராவில் கருவியைச் சாய்க்க வேண்டுவதில்லை. பின்பலகையை நிமிர்ந்தவாறே நிறுத்தி, வில்லைப் பலகையை மட்டும் மேலே உயர்த்தினாற் போதும். துருத்தி வளைந்து கொடுக்கும். உச்சி படத்திற்குள் வரும். கோபுரம் நிமிர்ந்தே நிற்கும்.

இவ்வாறு உயர்த்துவதற்கு, வில்லை வீசும் ஒளிவட்டம் பிலிமைவிடப் பெரிதாக இருத்தல் வேண்டும். வட்டம் சிறிதாயின் படத்தின் மூலைகள் இருண்டுவிடும். ஆதலின், பெரும்படக் கலைஞர் வில்லையை வாங்கும்போது, அதன் குவியத்தூரத்தை மட்டுமன்றி அதன் ஒளிவட்டத்தையும் வினவுவர். 4 அங்குலமும் 5 அங்குலமும் உள்ள பிலிமிற்கு 6 அங்குலக் குவியத்தூரமும், 8 அங்குலமும் 10 அங்குலமும் உள்ள பிலிமிற்கு 12 அங்குலக் குவியத்தூரமும் பொதுவாக ஏற்றவை என்பர்.

இத்தகைய மரக் காமிராக்களை நம் நாட்டினரும் செய்தனர். 1940களில் கேரளத்தின் ஆலப்புழையில் கருணாகரன் என்பார் வாகீசுவரி என்னும் பெயரில் மரத்தாலும் பித்தளையாலும் காமிராக்கள் செய்து விற்கத் தொடங்கினார். கருவி நம் கைத்திறத்தாற் பிறந்தது. இத்தகைய கருவிகளின்முன் மணமக்கள் நின்றனர், பள்ளி மாணவர் வரிசையாக அமர்ந்தனர், குடும்பத்தார் கூடினர். அவ்வாறு தமிழகத்து நிழற்பட நிலையங்களில் உருவான பழைய படங்களைத் தேடி, எண்முறையில் படியெடுத்துக் காக்கும் பணியைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் திட்டம் ஒன்றன் உதவியுடன் மேற்கொண்டது. 1955இல் தோன்றிய அந்நிறுவனத்தின் காப்பகத்தில், தென்னாட்டுக் கோயில்களையும் சிற்பங்களையும் காட்டும் படங்கள் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றுட் சில படங்களில் காணும் திருமேனிகள் இன்று கோயிலில் இல்லை. களவு போன திருமேனிகள் அயல்நாடுகளில் காணப்பட்டபோது, அவை நம்முடையவையே என்று மெய்ப்பிக்க அப்படங்கள் துணைசெய்தன.

கதிரவனை நோக்கிய கண்

பழைய வில்லையின் பயன் கோயிலோடும் குடும்பத்தோடும் நின்றுவிடவில்லை. கொடைக்கானல் மலைமேல் உள்ள வானாய்வகத்தில் 1904ஆம் ஆண்டு தொடங்கி, வானம் தெளிந்த நாள்தோறும் கதிரவனைப் படம் பிடித்து வருகின்றனர். இதற்கு உதவிய கருவியின் வரலாறும் சுவையானது. 1850இல் பாரிசு நகரத்து லெரெபூர், செக்ரெத்தான் என்போர் நிறுவனத்திலிருந்து சென்னை வானாய்வகத்திற்காக வாங்கப்பெற்ற தொலைநோக்கி, 1898இல் அயர்லாந்தைச் சேர்ந்த கிரப் என்பாரால் கதிரவனைப் படம் பிடிப்பதற்கேற்ப மாற்றியமைக்கப்பெற்றது. 1918 முதல் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வில்லை இப்பணிக்கு நிலையாக அமைந்தது. அது கதிரவனின் உருவத்தை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டமாகப் பெரிய கண்ணாடித் தகட்டின்மேல் வீழ்த்தியது. 1975 அளவில் கண்ணாடித் தகடு நீங்கிப் பெரிய பிலிம் வந்தது, வில்லை மாறவில்லை.

ஏன் புதிய வில்லையை வாங்கி மாட்டவில்லை? இங்கேதான் நாம் கற்க வேண்டிய உண்மை உள்ளது. கதிரவன்மேல் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. ஒரு சுழற்சியைக் கண்டறியவே பத்தாண்டுக்கு மேல் வேண்டும். ஒரு சுழற்சியை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்குத் தலைமுறைகள் வேண்டும். அளக்கும் கோலை இடையிடையே மாற்றினால், அளக்கப்பட்ட பொருள் மாறியதா, கோல் மாறியதா என்னும் ஐயம் எழும். ஒரே வில்லையால் எடுத்த படங்கள் ஆயின் அவ்வையம் எழாது. 1921 முதல் 2011 வரை அங்கு எடுக்கப்பெற்ற படங்களை எண்முறையில் மாற்றி, புள்ளிகளின் பரப்பை அளந்து அறிஞர்கள் ஆராய்ந்தனர். தொண்ணூறு ஆண்டு வரலாறு ஒரே கண்ணால் காணப்பட்டதாயிற்று. கருவியின் பழைமையே இங்கு அதன் பெருமையாயிற்று.

வில்லையைப் பேணும் முறை

பழைய வில்லைகள் இன்று பெட்டிகளின் அடியிலும் பழம்பொருட் கடைகளிலும் கிடக்கின்றன. பெரிய பிலிமும் இன்றுவரை சில நாட்டுத் தொழிற்சாலைகளில் உருவாகி வருவதால், அவ்வில்லைகளுக்கு மீண்டும் வாழ்வளிக்க விரும்புவோர் உளர். நல்ல வில்லையைத் தெரிந்தெடுக்கவும் பேணவும் சில செய்திகளை அறிதல் நன்று.

முதலாவது, சிறு கீறலைக் கண்டு அஞ்சுதல் வேண்டா. உங்கள் உருப்பெருக்கியின் பாதியை விரலால் மறைத்துப் பாருங்கள். தாளில் தோன்றும் புளியமரம் பாதியாக வெட்டுண்டு போகாது, முழுமையாகவே நிற்கும், ஒளி மட்டும் குறையும். வில்லையின் ஒவ்வொரு பகுதியும் முழு உருவத்தையும் ஆக்குவதே காரணம். ஆகவே, ஓரிரு வடுக்களால் வில்லை பயனற்றுப் போவதில்லை.

இரண்டாவது, ஒட்டு விட்டுப் போதல். பழைய வில்லைகளின் கண்ணாடிகளைக் கனடா நாட்டு மரப்பிசின் ஒன்றால் ஒட்டுவது வழக்கம். நாள்பட அப்பிசின் மஞ்சளாகும். ஓரங்களில் விடுபட்டு வானவில் நிறங்கள் தோன்றும். அதனைச் சீர்செய்வது தேர்ந்தவர் செய்யத்தக்க வேலை. மற்றவர் கைவைத்தல் ஆகாது.

மூன்றாவது, பூஞ்சணம். புதுவை போன்ற கடலோரப் பகுதிகளில் இதுவே பெரும்பகை. ஈரக்காற்றில் இருட்டில் அடைபட்டுக் கிடக்கும் வில்லையின் உட்பரப்பில் சிலந்தி வலைபோல் பூஞ்சணம் படரும். முற்றினால் கண்ணாடியையே அரிக்கும். தோலுறையிலும் மூடிய பெட்டியிலும் ஈரம் தங்கும். ஆதலின், மழைக்காலத்தில் வில்லையை உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்துதல் வேண்டும். துணியால் அழுத்தித் தேய்த்தல் கூடாது. மணல் துகள் கண்ணாடியைக் கீறும். மெல்லிய தூரிகையால் தூசியை நீக்கிய பின்னரே துடைத்தல் வேண்டும். வில்லை வழியே கதிரவனைக் கண்ணால் நோக்குதல் எக்காலத்தும் கூடாது. குவிந்த ஒளி பார்வையை அழித்துவிடும்.

முடிவுரை

ஒரு பேராசிரியரின் கணக்கு, ஒரு தொழிலாளியின் தேய்ப்பு, ஒரு வேதியியலாரின் உலை ஆகியவை ஒன்றுகூடிப் பிறந்தது வில்லை. அதனைத் தாங்கிச் சென்றவரின் பொறுமையால் தஞ்சைக் கல்லெழுத்து தாளுக்கு வந்தது. அதனை மாற்றாது காத்தவரின் உறுதியால் கதிரவனின் வரலாறு நமக்குக் கிட்டியது. அதனைப் பழையதென்று எறிந்திருப்பின் இவை யாவும் இல்லை.

புதியன வரவேற்கத்தக்கனவே. இன்று கையடக்கக் கருவியால் நொடிக்கு ஒரு படம் எடுக்கிறோம். அவற்றுள் எத்தனை படங்கள் நூறாண்டு நிற்கும் என்பதை நாம் எண்ணுவதில்லை. பெரிய காமிராவின் முன் நின்றவர் ஒரு படத்திற்காகவே நல்லாடை உடுத்தினார். அதனை எடுத்தவர் ஒரு படத்திற்காகவே ஒளியை நோக்கிக் காத்திருந்தார். அக்கருத்தூன்றலே அப்படங்களின் உயிர். நம் வீட்டுச் சுவரிலுள்ள பழைய படத்தின் பின்புறத்தில், அதில் உள்ளோரின் பெயரையும் உறவுமுறையையும் ஊரையும் ஆண்டையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் நம் முதற்கடமை. முகத்தை வில்லை காத்தது. பெயரைக் காக்க வேண்டியவர் நாமே.

பயிற்சி வினாக்கள்

1. பெட்சுவாலின் வில்லை முகப்படக் கலையைத் தழைக்கச் செய்தது எங்ஙனம்?
2. தஞ்சைக் கல்வெட்டுகளை டிரைப் படம் பிடித்த முறையை விளக்குக.
3. ஒத்த இரு பகுதிகளை எதிரெதிரே வைப்பதால் நேர்க்கோடு வளையாதிருப்பது ஏன்?
4. கொடைக்கானல் வானாய்வகத்தில் ஒரே வில்லை நெடுங்காலம் பயன்பட்டதன் நன்மை யாது?
5. உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய நிழற்படம் ஒன்றனைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.